மலை நிலத்தின் வில்லங்கம்

(வால்பாறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் பெயரில் அமைந்திருக்கிறதோ, அந்த மூத்த வழக்கறிஞரிடம் நான் ஜூனியராக இருந்தவன். பத்திரத்தைக் கடைசியிலிருந்து படி என்பதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சொத்து விவரம் கடைசியில்தான் இருக்கும். நான்கு எல்லை, சர்வே எண், விஸ்தீரணம். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதெல்லாம் அப்புறம். எந்த நிலம் என்று தெரியாதவனுக்கு அது யாருடையது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பார். அந்தப் பாடத்தை நான் ஒருமுறை மறந்தேன். இன்றைய பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எனக்குத் தந்த தலைப்பு வங்கிகளுக்கும் நிறுவன முதலீட்டாளர்களுக்கும் தரும் சட்ட ஆலோசனை. இது மும்பையில் பேச வேண்டிய பொருள், வால்பாறையில் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வால்பாறையில்தான் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கவர்க்கல் பக்கம் சிலையாக நிற்கும் தோட்ட முன்னோடி கார்வர் மார்ஷ் காலத்திலிருந்து இந்த மலையில் நட்ட தேயிலை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ போட்ட முதல் இருக்கிறது. முதல் போட்டவருக்கு எழுதிக்கொடுத்த காகிதம் இருக்கிறது. செடி நட்டவர்களைப் பற்றி மருத்துவர் பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். அதை ‘எரியும் பனிக்காடு’ என்று இரா.முருகவேள் தமிழில் தந்தார். முதலீட்டைப் பற்றிய அந்தக் காகிதங்களை வெளியார் யாரும் படித்ததில்லை. நான் முப்பது வருஷம் படித்தவன், எழுதியவன்.

நான் இந்த மலையில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போய்க் கோவை சட்டக் கல்லூரியில் படித்து, பிறகு சில வங்கிகளுக்குப் பேனல் வக்கீலானேன். பேனல் வக்கீல் என்றால், கடன் கேட்டு வருகிறவர் தரும் சொத்துப் பத்திரங்களைப் பார்த்து, அந்தச் சொத்து அவருடையதுதானா, அதன் மேல் வில்லங்கம் உண்டா, வங்கி அதை அடமானமாக வாங்கலாமா என்று எழுதிக்கொடுப்பவர். அந்த எழுத்துக்கு லீகல் ஒப்பீனியன் என்று பெயர். எல்லா ஒப்பீனியனும் ஒரே வரியில் முடியும். ஆங்கிலத்தில் எழுதும் அந்த வரியைத் தமிழில் சொன்னால், ‘சொத்து வில்லங்கமற்றது, விற்கத்தக்க தெளிவான உரிமை உடையது’ என்று வரும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு வங்கி ஒரு எஸ்டேட் பத்திரக் கட்டை என்னிடம் அனுப்பியது. வங்கியின் பெயரும் எஸ்டேட்டின் பெயரும் இங்கே வேண்டாம். நான் பிறந்த லைனிலிருந்து பார்த்தால் தெரியும் மலைச்சரிவு அது. தெரிந்த இடம்தானே என்று கோவை அலுவலகத்திலிருந்து நகரவில்லை. நான்கு நாளில் பத்தொன்பது பக்கம் எழுதினேன். கடைசி வரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடன் போனது. சில வருஷத்தில் தேயிலை விலை விழுந்தது. தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்கள் எல்லாமே தள்ளாடிய காலம் அது. அந்த எஸ்டேட்டில் முதலில் போனஸ் நின்றது, பிறகு கூலி தள்ளிப்போனது. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஃபேக்டரி மூடியது. வங்கி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். அந்த எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு அக்கா தேடிக்கொண்டு வந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், பேங்குக்குப் பேப்பர் எழுதிக்கொடுத்த வக்கீல் நம்ம லைன் பையன்தான் என்று. திண்ணையில் உட்கார்ந்து, கோபமில்லாமல்தான் கேட்டார்: “ஏன் தம்பி, நீ எழுதுன பேப்பர்ல எங்க பேரு எங்கயாச்சும் இருக்கா?”

இல்லை. பத்தொன்பது பக்கத்தில் மரம் எத்தனை என்று இருந்தது. ஃபேக்டரி இயந்திரங்களின் பட்டியல் இருந்தது. லைன் வீடுகள் கட்டட மதிப்பில் சேர்ந்திருந்தன. அதில் குடியிருக்கும் அறுநூறு பேர் எந்த வரியிலும் இல்லை.

அவர் கேட்டது சட்டக் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் ஆனது.

வில்லங்கச் சான்று என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். ஈ.சி. வாங்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாக நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். வங்கி அதிகாரிகளிலும் பாதிப் பேர் அப்படித்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான ஆவணங்களின் பட்டியல் அது, அவ்வளவுதான். பதிவாகாத எதுவும் அதில் வராது. அரசு தன் கையால் தரும் நில ஒப்படைகள் பலவற்றுக்குப் பதிவே தேவையில்லை என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. நிலமெடுப்பு உத்தரவும் அப்படியே. சோலையாறு, நீராறு அணைகளுக்காக நிலம் எடுத்த மலை இது. எடுத்த நிலம் எது, மிஞ்சிய நிலம் எது என்பதை ஈ.சி.யில் தேடிப் பயனில்லை. தாலுகா அலுவலகத்து ஏ பதிவேட்டையும் பழைய புல வரைபடங்களையும் தூசி தட்டித்தான் பார்க்க வேண்டும். மேலும், கணினியில் கிடைக்கும் ஈ.சி. பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்டது. இந்த எஸ்டேட்டுகளின் தாய்ப்பத்திரமோ 1890களில் தொடங்குகிறது. முப்பது வருஷத்து ஈ.சி. போதும் என்று வங்கிப் படிவத்தில் அச்சடித்திருப்பது ஊருக்குள் இருக்கும் வீட்டு மனைக்குச் சரி.

அடமானத்திலும் ஒரு சங்கதி உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவு, பத்திரத்தைக் கையில் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்கிறது. ஆனால் ஒப்படைக்கும் ஊர் சென்னை, கொல்கத்தா, மும்பையாகவோ அரசு அறிவித்த ஊராகவோ இருக்க வேண்டும். நிலம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, பத்திரம் கை மாறும் ஊர்தான் கணக்கு. கோவை அப்படி அறிவிக்கப்பட்ட ஊர். ஆகவே இந்த மலையின் பத்திரங்கள் இரும்புப் பெட்டியில் வளைவுகளை இறங்கிக் கோவைக்குப் போய் அங்கே கைமாறின. நிலம் இங்கேயே இருந்தது. நிலத்தைப் பாராமல் காகிதத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இந்த வழியாகத்தான் நுழைந்தது என்று நான் நம்புகிறேன். எம்.ஓ.டி. என்று சொல்லும் அந்த ஒப்படைப்பு ஆவணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று தமிழ்நாடு 2012இல்தான் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய அடமானங்கள் பல ஈ.சி.யில் தெரியாது. கடன்காரர் கம்பெனியாக இருந்தால் கம்பெனிப் பதிவாளரிடம் பதிந்த பொறுப்புகளைப் பார்க்க வேண்டும், 2011இல் வந்த செர்சாய் பதிவகத்திலும் தேட வேண்டும். இளைய வழக்கறிஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஒப்பீனியன் ஓட்டைதான்.

இனி நிலத்துக்கு வருவோம். தேயிலைத் தோட்டம் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது நான்கைந்து விதமான நிலம். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு விலக்குத் தந்தது. 1960 ஏப்ரல் 6 அன்று தோட்டமாக இருந்ததா என்பது அதில் முக்கியமான கேள்வி. அந்த விலக்கு ஆளுக்குக் கிடைத்தது அல்ல, பயிரோடு கட்டுண்டது. செடியைப் பிடுங்கிவிட்டு ரிசார்ட் கட்டப்போகிறேன் என்று ஒருவர் முதலீட்டாளரைக் கூட்டி வந்தால், அந்த விலக்கு என்ன ஆகும் என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். எஸ்டேட்டுக்குள் சோலைத் துண்டுகள் இருக்கின்றன. யானை அந்த வழியாகத்தான் வருகிறது. 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி நமது, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் காடாக அந்தத் துண்டு இருந்தால், அதற்கான குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவும் கூடாது, அடமானம் வைக்கவும் கூடாது. மொத்த எஸ்டேட்டையும் ஒரே அட்டவணையில் போட்டு அடமானம் வாங்கிய வங்கிகள் உண்டு. அந்த அட்டவணைக்குள் இந்தக் காடும் இருந்தால், அந்த அளவுக்கு அடமானம் செல்லாது.

குத்தகை நிலம் இன்னொன்று. இதற்கு மாஞ்சோலையை விடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் இல்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் சுமார் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ஜமீன் ஒழிப்பு வந்தது, நிலம் அரசுக்குப் போனது, குத்தகை தொடர்ந்தது. முடியும் ஆண்டு 2028. அது நேற்று வந்த செய்தி அல்ல, 1929இலேயே காகிதத்தில் எழுதிய தேதி. 2018இல் அந்தப் பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்றார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்தட்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாலு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. குத்தகை முடியும் தேதி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? நிறுவனத்துக்குத் தெரியும், அதன் வக்கீலுக்குத் தெரியும், பங்கு வாங்கியவர் விசாரித்திருந்தால் அவருக்கும் தெரியும். குடியிருந்தவர் ஒருவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, கொழுந்து விவசாயமா தொழிலா என்ற வழக்கு. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 8ஆம் விதி இதற்கு ஒரு கணக்குப் போட்டது. தேயிலையைத் தானே பயிரிட்டுத் தானே தூளாக்கி விற்கிறவரின் வருமானத்தில் 40 விழுக்காடு தொழில் வருமானம், 60 விழுக்காடு விவசாய வருமானம். செடியில் இருக்கும்போது விவசாயம், ஃபேக்டரிக்குள் போனால் தொழில். வரிக்கு இப்படிப் பங்கு பிரிக்கலாம். கடன் வசூலுக்குப் பிரிக்க முடியுமா? 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் நீதிமன்றம் போகாமலே வங்கி சொத்தைக் கைப்பற்ற வழி செய்தது. 60 நாள் நோட்டீஸ், கட்டாவிட்டால் சுவாதீனம், பிறகு ஏலம். ஆனால் விவசாய நிலத்தின் மேலான அடமானத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 31(ஐ) பிரிவு விலக்கிவிட்டது. கொங்கு நாட்டில் தோப்பையும் தோட்டத்தையும் அடமானம் வைத்த விவசாயி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு இது.

இந்தியன் வங்கிக்கும் பாப்பிரெட்டியாருக்கும் இடையிலான தமிழ்நாட்டு வழக்கில் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வருவாய்ப் பதிவேட்டில் புஞ்சை என்று எழுதியிருப்பது மட்டும் முடிவான சாட்சி அல்ல. நிலத்தில் உண்மையில் என்ன நடந்தது, என்ன நோக்கத்துக்காக அடமானம் வைத்தார்கள் என்பதெல்லாம் விசாரித்து முடிவு செய்ய வேண்டியது. அதே ஆண்டு மார்ச்சில் கோவாவில் ஒரு ஓட்டல் கம்பெனி, ஓட்டலை விரிவாக்க வாங்கிய நிலத்தை விவசாய நிலம் என்று சொல்லிப் பார்த்தது. ஐ.டி.சி. - புளூ கோஸ்ட் வழக்கு. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தேயிலை மலையில் செடி நிற்கும் சரிவையும் ஃபேக்டரி நிற்கும் மேட்டையும் ஒப்பீனியனில் தனித்தனியே எழுத வேண்டும் என்பது விளங்கும். ஃபேக்டரியை சர்ஃபாசியில் கைப்பற்றலாம். செடிக்கு அந்த வழி அடைபட்டால், கொழுந்து வராத ஃபேக்டரியை ஏலத்தில் யார் எடுப்பார்கள்? தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் கொடுக்கும் முன்பே வங்கிக்கு இதைச் சொல்வதற்குத்தான் ஆலோசனை என்று பெயர்.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பேப்பரில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டாரே, இருந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நான் சொல்லப்போகும் வழக்குகள் பழைய சட்டங்களின் கீழ் வந்தவை, ஆகவே பழைய பெயரிலேயே சொல்கிறேன். 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 11(2) பிரிவு, முதலாளி கட்டத் தவறிய பி.எஃப். பாக்கி அந்த நிறுவனத்தின் சொத்துகள் மேல் முதல் பொறுப்பு என்றது. முதல் பொறுப்பு என்றால் மற்றக் கடன்களுக்கு முந்தியது. மகாராஷ்டிராவில் ஒரு கூட்டுறவு வங்கி சர்க்கரை ஆலைகளின் சர்க்கரையை ஈடாக வைத்துக் கடன் கொடுத்திருந்தது. ஆலைகள் பி.எஃப். கட்டவில்லை. ஈடாக இருந்த சர்க்கரை மூட்டைகள் மேல் யாருக்கு முன்னுரிமை? 2009இல் உச்ச நீதிமன்றம் பி.எஃப். பாக்கிக்குத்தான் என்று தீர்ப்பளித்தது. வட்டிக்கும் தாமத இழப்பீட்டுக்கும் சேர்த்தே. எஸ்டேட்டை வாங்குகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. வாங்கிய சொத்தின் மதிப்பு வரை பழைய பாக்கிக்கு அவரும் பொறுப்பு என்றது 17பி பிரிவு.

பிறகு கிராஜுவிட்டி. வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி. முப்பது வருஷம் வேலை செய்த அந்த அக்காவுக்கு 450 நாள் கூலி. அவரைப்போல அறுநூறு பேர் என்று வைத்தால் 2,70,000 நாள் கூலி. இந்தக் கடன் எந்த ஈ.சி.யிலும் வராது. எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் இதற்கு எண் கிடையாது. ஆனால் எஸ்டேட் மூடும் நாளில் இது எழுந்து நிற்கும். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம், கலைப்புக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கியை, தன் ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கியோடு சமமாக நிறுத்துகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் தொழிலாளருக்குச் சேர வேண்டியது கலைப்புச் சொத்திலேயே சேராது என்கிறது 36ஆம் பிரிவு. அப்படி ஒரு தனி நிதியே எஸ்டேட் வைக்கவில்லை என்றால் வழக்காடித்தான் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் எதிராக வங்கித் தரப்பு, ஈடு வாங்கியவருக்கு முன்னுரிமை தரும் சர்ஃபாசியின் 26ஈ பிரிவைக் காட்டும். காட்டட்டும். எது வெல்லும் என்பது வழக்குக்கு வழக்கு வாதாட வேண்டியது. ஆனால் இப்படி ஒரு வழக்கு வரும் என்பதையாவது ஒப்பீனியனில் எழுத வேண்டாமா? நான் எழுதவில்லை. வில்லங்கம் இல்லை என்று எழுதினேன். அறுநூறு பேருடைய வில்லங்கம் அந்த நிலத்தில் இருந்தது.

மூடிய தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் பாக்கி குறித்து 2006இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் உத்தரவு வந்தது. பாக்கி எவ்வளவு என்று கணக்கிடவே 2020இல் நீதிபதி அபய் மனோகர் சப்ரேயை நியமிக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் இறந்துபோனார்கள் என்று நினைத்துப்பாருங்கள்.

சரி, தவறாக எழுதிய வக்கீலை என்ன செய்வது? விஜயா வங்கியின் ஹைதராபாத் பேனல் வக்கீல் ஒருவர் மேல் சி.பி.ஐ. சதி வழக்குப் போட்டது. அவர் மேலான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. தீர்ப்பை எழுதியவர் நம் பவானிப் பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்த நீதிபதி ப.சதாசிவம். ஒப்பீனியன் தவறாகப் போனதாலேயே வக்கீல் குற்றவாளி ஆகிவிட மாட்டார், சதியில் பங்கு இருந்ததற்குச் சாட்சி வேண்டும், கவனக்குறைவுக்குப் பொறுப்பு வேறு என்பது தீர்ப்பின் சாரம். சரியான தீர்ப்பு. பயந்து நடுங்கும் வக்கீலிடமிருந்து நேர்மையான கருத்து வராது. ஆனால் எங்கள் தொழிலில் பலர் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள். 2025 ஜனவரியில் பிரபா ஜெயின் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் எழுப்பிவிட்டார்கள். குறைபட்ட உரிமை அறிக்கைகளை நம்பிக் கடன் கொடுப்பது பொதுப் பணத்துக்கு ஆபத்து, ரிசர்வ் வங்கி இதற்கு ஒரே சீரான முறையை வகுக்க வேண்டும், கடனை அனுமதிக்கும் அதிகாரியின் பொறுப்பையும் அதில் வரையறுக்க வேண்டும் என்றார்கள். அந்த முறை வகுக்கும்போது மலை நிலத்துக்குத் தனிப் படிவம் வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்.

பொதுப் பணம் என்றார்களே, அது எவ்வளவு உண்மை என்பதற்குச் சென்னையின் பழைய கதை ஒன்று போதும். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. வெள்ளைக்காரர் பெயர்ப் பலகையை நம்பிச் சேமிப்பைக் கொடுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கடன் கொடுத்தவர்களுக்காக நின்றவர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர். வழக்கோடு நிற்காமல் மறு வருஷமே நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி என்று இந்தியன் வங்கியை உருவாக்கினார். 1907 ஆகஸ்ட் 15இல் அது கதவு திறந்தது. வழக்கறிஞர் ஒருவர் முன்னின்று ஒரு வங்கி பிறந்த ஊர்க்காரர்கள் நாம். வங்கியின் வக்கீல் என்றால் வங்கியில் பணம் போட்டவரின் வக்கீல் என்ற நினைவு அவருக்கு இருந்தது.

நிறுவன முதலீட்டாளர் விஷயமும் இதுதான். பரஸ்பர நிதி, காப்பீட்டு நிறுவனம், ஓய்வூதிய நிதி, வருங்கால வைப்பு நிதி அறக்கட்டளை எல்லாம் பெரிய பெயர்கள். உள்ளே இருப்பது மாதாமாதம் பிடித்த சின்னத் தொகைகள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி கொங்கு நாட்டு ஜவுளிக்காரர்களோடும் விவசாயிகளோடும் வளர்ந்த வங்கி. 2020 நவம்பர் 17இல் தடை உத்தரவு, ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 27ஆம் தேதி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. வைப்புப் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 318.20 கோடி ரூபாய் இரண்டாம் அடுக்குப் பத்திரங்கள் இணைப்புக்கு முன்பே முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டன. அது சட்டமீறல் என்று சொல்ல வரவில்லை. வங்கி தானாக நிற்க முடியாத நிலை வந்தால் இந்தப் பத்திரத்தின் மதிப்பு பூஜ்யமாகலாம் என்று வெளியீட்டு ஆவணத்தில் எழுதுவதுதான் பாசல் மூன்றாம் விதிமுறை. பல பக்கங்களுக்கு நடுவே ஒரு பத்தியாக அது இருக்கும். அந்தப் பத்தியை எடுத்து, பணத்தை நிர்வகிப்பவர் முன்னால் வைத்து, ‘ஐயா, இது கடன் பத்திரம் என்ற பெயரில் வரும் பங்கு, யாருடைய பணத்தை இதில் போடுகிறீர்கள் என்று யோசியுங்கள்’ என்று சொல்வதற்குத்தான் வக்கீல்.

வங்கி மேலாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒப்பீனியன் கட்டணத்தைக் கடன்காரர் தலையில் கட்டாதீர்கள். கடன் வாங்குகிறவர் பணத்தில் அவருடைய சொத்தைச் சந்தேகப்படச் சொல்வது முறையல்ல. வங்கியே கொடுக்கட்டும், வக்கீல் மலையேறிப் பார்ப்பதற்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். எஸ்டேட் கடன் என்றால் மூன்று வருஷத்து பி.எஃப். செலுத்துச் சீட்டுகளும் கிராஜுவிட்டி நிதிக் கணக்கும் இல்லாமல் கோப்பை எடுக்காதீர்கள். மூன்று மாதம் பி.எஃப். தாமதமானால் கடன் நோய்வாய்ப்படப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை, தணிக்கையாளர் சொல்வதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அது சொல்லிவிடும்.

ஜூனியர்களுக்கு: பெரட்டுக்களத்துக்குப் போங்கள். காலை ஏழரை மணிக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது நில்லுங்கள். எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், கடைசிச் சம்பளம் எப்போது என்று கேளுங்கள். இப்போது ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளும் நிற்பார்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் ஏறத்தாழ 95,000 பேர். 2011இல் 71,000க்கும் சற்றுக் குறைவு. திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனவர்களில் பாக்கியை வாங்காமலே போனவர்கள் உண்டு. அந்தப் பாக்கியும் நிலத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்த அக்கா இப்போது இல்லை. அவருக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதி, அவர் போன பிறகு மகளுக்குக் கிடைத்தது. அதற்கான மனுவை நான்தான் எழுதினேன். பத்தொன்பது பக்கத்துக்கு அது ஈடாகாது.

கடைசியாக, பஸ்ஸுக்குக் கிளம்பப்போகும் எஸ்டேட் அம்மாமார்களுக்கு. உங்கள் பி.எஃப். கணக்கை மாதம் ஒருமுறை பிள்ளைகளை விட்டு செல்போனில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் பணம் ஏறவில்லை என்றால் கோவை மண்டல பி.எஃப். அலுவலகத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்டேட் சொந்த நிலமா குத்தகையா, குத்தகை என்றால் எந்த வருஷம் முடிகிறது என்று சங்கத்தில் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று யோசிக்க வேண்டாம். பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தொழிலாளர்களுக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் போய்க் கேளுங்கள்.